எரியுமா என்று கேட்டால் போதாது

ஆண்டு விழாக் குழு கூடினால் பாட்டு யார், சாப்பாடு யார் என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. தீயைப் பற்றிக் கேட்டால், "மணல் வாளி வைத்தாயிற்று சார்" என்று பதில். பந்தல்காரர் துணியின் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டி, "பாருங்கள், பிடிக்கவில்லை" என்பார். இந்தத் தீக்குச்சிப் பரீட்சையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் தப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் எரிந்து 400 பேருக்கு மேல் மாண்டார்கள். நம்மைப் போலவே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு பொருள் எரியுமா என்பதைவிட, எரிந்தால் விநாடிக்கு எவ்வளவு வெப்பத்தைக் கக்கும் என்பதே முக்கியம். தீ விபத்தின் ஆபத்தைச் சொல்வதில் இதற்கு மிஞ்சிய அளவு வேறில்லை என்று 1992-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பாப்ராஸ்கஸும் பீகாக்கும் எழுதிவிட்டார்கள்.

நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி சுமார் 1 கிலோவாட். ஸ்பாஞ்ச் வைத்த ஒற்றை சோபா நன்றாகப் பிடித்துக்கொண்டால் 1,000 முதல் 2,000 கிலோவாட் வரை போகும். சாதாரண அறை ஒன்று மூலைக்கு மூலை ஒரேயடியாகத் தீப்பிடிக்க ஏறக்குறைய 1,000 கிலோவாட் போதும்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் அழகு. எரியும் பொருளின் எடை குறைவதைக் கணக்கிடலாம். ஆனால் அரைகுறையாக எரிந்து புகையாகப் போனது எவ்வளவு என்று தெரியாது. சூட்டை அளக்கலாம், சுவர் பாதியைக் குடித்துவிடும். 1917-ல் தார்ன்டன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். எது எரிந்தாலும், செலவாகும் ஆக்சிஜனின் எடைக்கு ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம்தான் வருகிறது. 1980-ல் ஹக்கெட் அதைச் சரிபார்த்து, கிலோ ஆக்சிஜனுக்கு 13.1 மெகாஜூல் என்றார். மரமோ, துணியோ, பிளாஸ்டிக்கோ, ஐந்து சதவீதம் முன்பின்.

ஆகவே சோபாவை ஒரு பெரிய புகைக்கூண்டின் கீழே வைத்துக் கொளுத்துகிறார்கள். புகை முழுவதையும் குழாயில் உறிஞ்சி, அதில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது, எவ்வளவு காற்று ஓடியது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். 1,000 கிலோவாட் என்றால் விநாடிக்கு 76 கிராம் ஆக்சிஜன். காற்றோட்டத்தை அளப்பதில் பிசகினால் எல்லாம் பிசகு. அதனால் அளவு தெரிந்த வாயு அடுப்பை எரித்து முதலில் கருவியைச் சோதிப்பார்கள். அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் 20 மெகாவாட் தீ வரை இப்படி அளக்கும் கூடமே உண்டு.

"நல்ல சோபாவை எவன் ஐயா எரிப்பான், உள்ளங்கை அளவு துண்டு போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். துண்டு துணியைப் பற்றிச் சொல்லும். உருகிச் சொட்டி நாற்காலிக்கு அடியில் தேங்கி எரிவதையும், கூரைத் துணி வழியாகத் தீ ஓடுவதையும் அது சொல்லாது. முழு உருவத்தையும் எரித்தால்தான் தெரியும்.

ரூர்க்கியில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீ ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மின்விசிறிக்கு வாட் எழுதி விற்கும் நாட்டில், மெத்தைக்கும் பந்தல் துணிக்கும் கிலோவாட் எழுதி விற்கச் சொல்வது பெரிய ஆசையல்ல. நம் போன்ற சங்கங்கள் சேர்ந்து கேட்கலாம். அதுவரை பந்தலில் பக்கவாட்டுத் துணியைத் தரையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வாசல் ஒன்றுக்கு நான்காக இருக்கட்டும், அவற்றின் குறுக்கே சாப்பாட்டு மேஜையைப் போடவேண்டாம்.