விதைநெல்லும் உண்ணும் நெல்லும்

காவிரிப் படுகை உழவர் உண்ணும் நெல்லையும் விதைநெல்லையும் ஒன்றாகக் கொட்டி வைத்ததில்லை. உண்ணும் நெல் குதிரில் இருந்து நாள்தோறும் எடுத்தாளப்பட்டது. விதைநெல்லோ கோட்டை கட்டித் தனியே காக்கப்பட்டது. கணிப்பொறியில் சேமித்த அறிவுச் செல்வத்தைக் காப்பதற்கும் இம்முறையே ஏற்றது என்பது எம் துணிபு.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஏறத்தாழ 49,000 சுவடிகள் உள்ளன. ஓலையின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிய கைகளே பண்டை நூல்களை நமக்கு ஈந்தன. படியெடுக்காத ஒற்றை ஏடு அழிந்தால் மீட்சியில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின.

இன்று சுவடிகள் ஒளிப்படங்களாகிக் கணிப்பொறியில் ஏறுகின்றன. அவற்றின் காப்புப்படியை எதில் வைப்பது? ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டிலா, காந்த நாடாவிலா?

வன்தட்டு விலை குறைந்தது; வேண்டியதை நொடியில் எடுத்துத் தரும். ஆயினும் சுழலும் உறுப்புகள் தேய்வன; இணைப்பில் உள்ளவரை பிழையும் நச்சுநிரலும் அதனைத் தொடும். நாடா மெல்லத் தேடித் தருவது. அதற்குரிய கருவியின் விலையோ இலட்சங்களில். எனினும் இணைப்பின்றி, மின்சாரமின்றி, பேழையில் உறங்கவல்லது. 2011 பிப்ரவரியில் மென்பொருட் பிழையால் ஜிமெயில் பயனர் சிலரின் அஞ்சல்கள் மறைந்தன. பல இடங்களில் இருந்த படிகளையும் அப்பிழை பற்றியது. தனித்திருந்த நாடாக்களிலிருந்தே கூகுள் நிறுவனம் அவற்றை மீட்டது.

ஆகவே பெருநூலகங்களுக்கு வன்தட்டு உண்ணும் நெல், நாடாவே விதைநெல். நாடாக்கருவி வாங்க இயலாத கல்லூரிகளும், முன்னோரின் ஏடுகளையும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும் காத்துவரும் இல்லங்களும் தளரவேண்டுவதில்லை. இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை இணைப்பு நீக்கி வேற்றூரில் வைத்தல் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் கண்ட நம் மாவட்டங்களுக்கு வேற்றூரின் தேவையை விளக்கவும் வேண்டுமோ?

ஒன்று மட்டும் மறவற்க. பல்லாண்டு விதைக்காத நெல் முளைப்பதில்லை. ஆண்டுதோறும் படியைத் திறந்து பார்த்தலும், கருவி பழமையுறுமுன் புதியதற்கு மாற்றுதலும் வேண்டும். நாடாவும் தட்டும் கருவிகளே, காப்பவர் மனிதரே. ஏடெழுதியோர் ஆற்றிய அப்பணி இனி நம் மாணவமணிகளின் கைகளில் உள்ளது.