சைபருக்குப் பெயர் தகுதியாம்!

தோழனே!

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையை நீ கண்டிருப்பாய். கரும்பாறைகளில் மோதிச் சிதறும் அலைகள். கரையிலே நிமிர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கம். விடியுமுன் வள்ளம் தள்ளும் மீனவர். அந்த மீனவர் குடியிலே பிறந்த மகளொருத்தி, ஆசாரிப்பள்ளத்தில் 2001-இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரியிலே பயின்று டாக்டராகிறாள் என்று வைத்துக்கொள். தாய் ஆனந்தக் கண்ணீர் உகுக்கிறாள். ஆனால், அல்லல் அதற்குப் பிறகல்லவா ஆரம்பமாகிறது!

மேற்படிப்புக்கு மனுப் போடுகிறாள். கட்டணம் 3,500 ரூபாய். 2024 ஜூன் 23-இல் தேர்வு என்கிறது டில்லி. உறக்கம் துறந்து படித்து, ஊர் விட்டு ஊர் சென்று, விடுதியிலே தங்குகிறாள். 22-ஆம் நாள் இரவு செய்தி வருகிறது - தேர்வு ஒத்திவைப்பு! விடிந்தால் தேர்வு, விடியுமுன் ரத்து! இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள் திகைத்து நின்றனரே, எந்த மந்திரியின் உறக்கம் அன்றிரவு கலைந்தது?

ஆகஸ்ட் 11-இல் நடத்தினார்கள். காலையில் ஒரு வினாத்தாள், மாலையில் வேறொன்று, இரண்டையும் ஒரே தராசிலே நிறுக்க ஒரு சூத்திரம்! மறு ஆண்டும் அப்படியே நடத்த முனைந்தனர். ஒரே வேளையில்தான் நடத்தவேண்டும் என்று 2025 மே 30-இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட நேர்ந்தது.

"தகுதி வேண்டாமா? திறமை வேண்டாமா?" என்று கேட்கிறார்கள் மேதாவிகள். வேண்டும் தோழனே, வேண்டும்! ஆனால் அவர்களுடைய தகுதியின் யோக்கியதையைக் கேள். மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது, 2023 செப்டம்பர் 20-இல், எல்லாப் பிரிவினருக்கும் தகுதி எல்லையைச் சைபர் பர்சென்டைல் ஆக்கினார்கள்! வரிசையின் கடைசியில் நின்றவரும் தகுதி பெற்றார். கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றும் தனியார் கல்லூரி இடங்களும் அந்தக் காலி இடங்களில் உண்டு. ஏழை மகள் முன்னே மலையாக எழுந்த தகுதி, பணமூட்டை முன்னே மண்டியிட்டதே, இதுவா நீதி?

நம் வழி வேறு. அரசுப் பணியிலே ஊருக்கு உழைக்கும் டாக்டருக்கு மேற்படிப்பில் 50 விழுக்காடு இடம். படித்துத் திரும்பி மீண்டும் மக்களுக்கே தொண்டு. டில்லியின் விதி அதற்கும் குறுக்கே வந்தது. அந்த உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-இல் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. மாநிலங்கள் அகில இந்தியத் தொகுப்புக்கு விட்டுக்கொடுத்த மருத்துவ இடங்களிலே, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு பெற 2021 வரை வழக்காட வேண்டியிருந்தது. கொடுத்தது நாம், கேட்டுப் பெறவும் நாமே நீதிமன்றப் படியேற வேண்டும்!

நம் வீட்டுக் குறையையும் மறைக்கமாட்டேன். 1,021 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு 2022-இல் அறிவிப்பு. 2023 ஏப்ரலில் தேர்வு. நியமன ஆணையோ 2024-இல். மனுப் போட்டவர் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். டாக்டரின்றி நோயாளியும் காத்திருந்தார். டில்லியை நோக்கி நீளும் விரல், கோட்டைக் கதவையும் தட்டத்தான் வேண்டும்.

நள்ளிரவிலே முட்டத்துக் குடிசையில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டால், ஓடிவர ஒரு டாக்டர் வேண்டும். அவள் மொழி அறிந்து, அவள் துயர் புரிந்த டாக்டர்! அவரை உருவாக்கும் பொறுப்பு யாருடையது? மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை, 1976-இல் நெருக்கடி நிலை நாளில், 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றினார்கள். மீண்டும் அது மாநிலப் பட்டியலுக்கு வரவேண்டும். ஊர்தோறும், கிளைதோறும் இதை எடுத்துச் சொல், தோழனே!

கலங்கரை விளக்கம் கரையிலே நிற்பதால்தான் கடலோடிக்கு வழி தெரிகிறது. அதைப் பெயர்த்துக்கொண்டுபோய் டில்லியிலே ஏற்றிவைத்தால், முட்டத்து வள்ளம் எப்படித் தோழனே கரை சேரும்?