ஓர் எண்ணெய், இரண்டு பெயர்

தேங்காய் எண்ணெய் உண்பதற்கு உரியதா, தலைக்குத் தடவுவதற்கு உரியதா? நம் இல்லங்களில் ஒருநாளும் எழாத இவ்வினா, வரி இலாகாவுக்கும் எண்ணெய் விற்போருக்கும் இடையே பல ஆண்டுகள் வழக்காக நடந்து, 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. சிறு புட்டியில் அடைத்ததனாலேயே அது கூந்தல் தைலம் ஆகிவிடாது. கூந்தல் தைலம் என்று குறித்து விற்றாலன்றி அது உணவு எண்ணெயே என்பது தீர்ப்பின் சாரம். அன்று உணவு எண்ணெய்க்கு வரி 5 சதவீதம். கூந்தல் தைலத்திற்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டிற்கும் 5 சதவீதமே.

அங்கத்தினர்கள் இதில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. பொருள் ஒன்றே, அதன் வரியை மாற்றியது மேலே ஒட்டிய சீட்டு. அச்சீட்டை ஒட்டியவர் தென்னை வளர்த்தவர் அல்லர். கொப்பரையை மூட்டையாகக் கொடுத்துவிட்டு, அதையே சமையல் எண்ணெயாகவும் தலைக்கு எண்ணெயாகவும் குளியல் சோப்பாகவும் கடையில் வாங்குகிறோம். நூலை நூலாகவே விற்றுவிட்டுச் சேலையை விலைக்கு வாங்கும் நெசவாளர் உண்டோ?

இவ்வெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். ஆகையால்தான் அது எளிதில் சிக்கடிப்பதில்லை. சோப்புக்குக் கட்டித் தன்மையும் மிகுந்த நுரையும் தருகிறது. எஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்குத் தீவனம்.

ஆயினும், எண்ணெய் ஆலைக்குக் கடன் கோரித் தீர்மானம் இயற்றுமுன் நம் களத்தைப் பார்ப்போம். எடை குறையுமே என்ற ஆசையால், நன்கு உலராத கொப்பரையை அள்ளிவிடுவதை ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நாம் காண்கிறோம். ஈரம் 6 சதவீதத்திற்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சும் விளையக்கூடும். அதை மறைக்கக் கந்தகப் புகை இடுவது பிழையின் மேல் பிழை. பிறருடைய ஆலைக்குச் சென்ற வரையில் இக்குறை நம் பெயரில் வெளிவரவில்லை. நம் சங்கத்தின் சீட்டை ஒட்டிய அன்றே அது நம்முடையதாகிவிடும்.

ஆகவே முற்றிய காயை மட்டும் உடைக்க வேண்டும். களத்தில் ஈரமானி ஒன்று இருக்க வேண்டும். நன்கு உலர்த்தியவருக்குத் தரம் பார்த்துக் கூடுதல் விலை தர வேண்டும். அதன் பின்னர் உரிய உணவு உரிமம் பெற்று எண்ணெயைச் சங்கத்தின் பெயரால் விற்கலாம். கூந்தல் தைலமும் சோப்பும் செய்ய அழகு சாதனப் பொருளுக்குரிய தனி உரிமம் தேவை. அது இரண்டாம் படி.

நம் பிள்ளைகளுக்கு ஊட்டத் துணியும் எண்ணெயையே பிறருக்கும் விற்போம். அந்த நம்பிக்கைதான் சங்கத்தின் மூலதனம்.