சட்டி வழித்த சோறு

"பெண்கள் தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்வதே இல்லை." எங்கள் கல்லூரி இரத்தசோகை விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் சொன்னார். முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள் என்றார். முன்வரிசை மாணவிகள் குற்றம் செய்தவர்கள்போலத் தலைகுனிந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாய், பிள்ளைப்பேறு என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மாதவிடாய் எல்லா நாட்டுப் பெண்களுக்கும்தான் வருகிறது. எல்லா நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் வெளுத்துப்போய் நிற்கவில்லையே?

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கிருமியைத் தேடினார், அது காரணமில்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தார், தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். அதிலிருந்த சத்துக்குத்தான் 1941இல் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

அந்தச் சத்து மாத்திரையாகி நம் கைக்கு வந்துவிட்டது. தட்டில் என்ன இருந்தது என்ற அவருடைய கேள்வி மட்டும் வந்து சேரவில்லை. மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, தவறாமல் விழுங்குங்கள். ஆனால் கீரையை ஆய்ந்து சமைப்பவளிடம் போய்க் கீரை சாப்பிடு என்று உபதேசிப்பவர்கள், அவள் தட்டுக்கு வரும்போது சட்டியில் என்ன மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். அவளுக்கு என்ன கூலி, ரேஷனில் பருப்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் அம்மா துண்டுகளை எண்ணித்தான் போடுவாள். அப்பாவுக்கு நடுத்துண்டு, அண்ணனுக்கு இரண்டு, எனக்கு வால். அவளுக்குச் சட்டியை வழித்த சோறு. அந்தச் சோற்றை நான் கவிதையாக்கினேன். தாய்மை என்று கைதட்டினார்கள். அதைப் பசி என்று எழுதியிருக்க வேண்டும். அவள் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதெல்லாம் வயசாகிவிட்டது என்று சொன்னோம். அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மாணவிகளே, உங்கள் அம்மாவைத் தியாகி என்று எழுதாதீர்கள். இன்றிரவு அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். துண்டுகளை மறுபடி எண்ணுங்கள். அண்ணன் முறைத்தால் முறைக்கட்டும்.