சுற்றுலாவா, பாடமா?

2006-ஆம் ஆண்டு, மயிலாடுதுறை வட்டாரத்தில் உள்ள செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி தோண்டினார். மண்ணுக்குள்ளிருந்து வழவழப்பான கற்கருவிகள் வந்தன. வேலியோரம் வீசிவிட்டு வேலையைத் தொடராமல், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்த நண்பரிடம் சேதி சொன்னார். ஒரு கோடரியில் இருந்த குறியீடுகள் சிந்துவெளி எழுத்துகள்தான் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னார். அந்தக் கருத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் கல்லைக் கல்லென்று ஒதுக்காத கண் ஒருவருக்கு இருந்ததும், அதைக் கேட்டு ஓடிவர அருங்காட்சியகத்தில் ஓர் ஆள் இருந்ததும் இல்லையென்றால் விவாதிக்கவே எதுவும் மிஞ்சியிருக்காது.

அருங்காட்சியகங்களுக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-லேயே தொடங்கப்பட்டது. புதுக்கோட்டை அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910-ல் பிறந்தது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் செட்டிநாட்டுப் பாணிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளை அவை புதைந்த இடத்திலேயே பார்க்க வழி செய்தார்கள். இதெல்லாம் மனமாரப் பாராட்ட வேண்டிய பணி.

குறை, பிள்ளைகள் அங்கே போய்வரும் விதத்தில் இருக்கிறது.

காலையில் மீனாட்சியம்மன் கோயில், அடுத்து நாயக்கர் மகால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழடி என்று ஒரே நாளில் அடக்கிவிடுகிறார்கள். வரிசையில் நகர்ந்துகொண்டே பார்த்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடும் பிள்ளைக்கு மனதில் என்ன தங்கும்?

தங்க வைக்க முடியும். கீழடியில் கிடைத்த வட்டச்சில்லுகளையே எடுத்துக்கொள்ளலாம். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்தவை அவை. பாண்டி விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து, கறுப்பு சிவப்பு ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரே பானை உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பது ஏன் என்று கேட்க வேண்டும். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உட்புறத்துக்குக் காற்று போகாது. அங்கே கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும் என்பதைப் பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும். ஒரு பானை ஓட்டில் வரலாறும் வேதியியலும் சேர்ந்தே கிடைக்கின்றன. எழுத்தோ குறியீடோ இல்லாத ஓடுகள் அகழாய்வுகளில் மூட்டை மூட்டையாகக் கிடைப்பவைதான். அவற்றில் கொஞ்சம் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படிக் கற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி சாட்சி. அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கப் பழகினார்கள். தங்கள் ஊர்ப்பக்கங்களில் பானை ஓடுகளையும் பழங்காசுகளையும் அடையாளம் கண்டு சொன்னார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் அது ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தில் முளைத்தது. அவர் மாற்றலாகிப் போனாலும் நிற்கும் ஏற்பாடாக அதை மாற்றுவது அரசின் கடமை.

அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாவட்டத்துக்கு ஓர் அருங்காட்சியக ஆசிரியர் வேண்டும். பள்ளிகளைத் தேடிப் போவதும் வருகிற பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவதும் மட்டுமே அவர் வேலையாக இருக்க வேண்டும். ஒரு நாளில் ஓரிடம் என்று கல்விச் சுற்றுலாவுக்கு விதி வகுக்கலாம். மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். வயலில் காசு கண்டெடுக்கும் சிறுமிக்கு இது தெரிய வேண்டாமா? ஜூனில் பள்ளி திறக்கும்போது, மாவட்டக் காப்பாட்சியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.