செஞ்சி பீரங்கியில் 7560: அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி உச்சிவரை மூச்சு வாங்க ஏறுபவர்கள், அங்குள்ள பீரங்கி மேல் கை வைத்து ஒரு செல்ஃபி எடுக்காமல் இறங்குவதில்லை. யாருடைய பீரங்கி என்று கேட்டால், "தேசிங்கு ராஜாவோடதுதான், வேற யாரோடது?" என்று பதில் வரும். செஞ்சியில் எதைக் கேட்டாலும் தேசிங்குதான் முதலில் வருவார். அவர் 1714இல் போரில் இறந்தபோது வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஆண்டதோ சில மாதங்கள். பாடலும் கூத்தும் அவரை மறக்கவிடவில்லை, அது நல்லதுதான். ஆனால் பீரங்கிக்கும் சொந்தமாக ஒரு வாக்குமூலம் இருக்கிறது.

தென்னார்க்காடு மாவட்டத்தின் பழைய கெசட்டியர் குறிப்புகள் இந்தப் பீரங்கியை, சுமார் 10 அடி நீளம், அடிப்பக்கத்தில் 7560 என்ற எண் பொறிக்கப்பட்டது என்று பதிவு செய்துள்ளன. 7560 ஆண்டாக இருக்க முடியாது. ஐரோப்பிய வார்ப்பிரும்பு பீரங்கிகளில், திரி வைக்கும் துளைக்கு அருகே வெட்டப்படும் எண் பெரும்பாலும் அந்தப் பீரங்கியின் எடை. கப்பலில் ஏற்றவும், வண்டிச் சட்டம் செய்யவும், காசு கொடுக்கவும் எடை தெரிந்தாக வேண்டும். விலையே எடைக் கணக்கில்தான்.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஆங்கிலேயர் எடையை ஒரே எண்ணாக எழுதுவதில்லை. 45-2-14 என்பதுபோல மூன்றாகப் பிரித்து வெட்டுவார்கள். முதல் எண் 112 பவுண்டு கொண்ட 'ஹண்ட்ரட்வெயிட்', அடுத்தது அதில் கால் பங்கான 28 பவுண்டு, கடைசியில் உதிரி பவுண்டு. கூட்டினால் 5,110 பவுண்டு, சுமார் 2,300 கிலோ. இந்த வழக்கப்படி 7560 பவுண்டு எடையுள்ள பீரங்கியில் 67-2-0 என்று இருந்திருக்க வேண்டும். பிரித்து எழுதாமல் நேராக நாலு இலக்கம் இருப்பது, ஆங்கிலேயர் அல்லாத ஐரோப்பிய வார்ப்பகத்தை நோக்கிக் கை காட்டுகிறது. பிரெஞ்சு பவுண்டு என்று வைத்தால் சுமார் 3,700 கிலோ. பத்தடி இரும்பு பீரங்கிக்கு நம்பத்தக்க எடைதான். 1750இல் புஸ்ஸி தலைமையில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இங்கே இருந்தார்கள் என்பதும் பொருந்துகிறது. இது அனுமானம்தான். ஆனால் அளவு நாடாவும் தராசும் கொண்டு சோதித்துப் பார்க்கக்கூடிய அனுமானம். தேசிங்கு கதைக்கு அந்த வசதி கிடையாது.

முத்திரை சொல்லும் முகவரி

எண் மட்டுமல்ல, மற்ற அடையாளங்களும் உண்டு. பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்றால் மேல்நோக்கிய அம்புக்குறி, மன்னரின் முதலெழுத்து. கிழக்கிந்தியக் கம்பெனி என்றால் இதய வடிவக் கட்டத்துக்குள் எழுத்துகள். டச்சுக் கம்பெனி என்றால் பின்னிப் பிணைந்த வி, ஓ, சி. பிரெஞ்சு அரச பீரங்கி என்றால் லில்லிப் பூ. திப்பு சுல்தானின் ஆயுதங்களில் புலிக்கோடு. பீரங்கியின் இரு பக்கமும் கை போல நீண்டிருக்கும் குட்டை உருளைகளின் முகத்தையும் விடக்கூடாது. வார்த்தவரின் அடையாளம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஸ்வீடனின் ஃபின்ஸ்பாங் வார்ப்பகம் ஒரே ஒரு 'எஃப்' போடும். அந்த இரும்பை ஐரோப்பாவில் பல நாடுகள் விலைக்கு வாங்கின. ஆகவே செய்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், சண்டையில் பிடுங்கியவர் இன்னொருவர். ஒரு முத்திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் ஏமாந்துபோவோம்.

முத்திரையே இல்லாவிட்டால்? தஞ்சாவூரின் இராஜகோபால பீரங்கியைப் பாருங்கள். இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கிச் செய்தது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம். அந்த வளைய வரிகளே உள்ளூர்க் கொல்லர்களின் கையெழுத்து. வார்த்த பீரங்கியில் அவை இருக்காது.

துப்பாக்கியிலும் இதே கணக்குதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து 'நம்பர் 4 மார்க் 1 (டி)' குறிபார்த்துச் சுடும் ரைஃபிளில் தொலைநோக்கியின் எண்ணைக் கட்டையின் கழுத்தில் அடித்திருப்பார்கள். ரைஃபிளின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தில் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் பிறந்தபோதிருந்த ஜோடி. பழைய ரைஃபிளைத் தொழிற்சாலையில் முழுசாகப் புதுப்பித்தால் 'எஃப்டிஆர்' என்ற எழுத்துகளையும் பெரும்பாலும் ஆண்டையும் சேர்த்து அடிப்பார்கள். பழுது பார்த்ததை மறைக்காமல், இன்ன வருஷம் இன்ன வேலை செய்தோம் என்று இரும்பிலேயே எழுதிவைக்கும் நேர்மை அது.

நம் கோட்டைகளில் நடக்கும் புதுப்பிப்புக்கு அந்த நேர்மை போதாது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, மேலே பளபளவென்று கருப்பு பெயிண்ட், கீழே சிமெண்ட் மேடை. விழா முடிந்தால் படம் நன்றாக வரும். முத்திரை இருந்த பள்ளம் பெயிண்டில் நிரம்பிவிடும், மேடைக்குள் புதைந்த பக்கம் போனது போனதுதான். யார் அடித்தார், எப்போது அடித்தார் என்று ஒரு குறிப்பும் இருக்காது.

எண்ணுக்கு இப்ப என்ன அவசரம்?

மதிலே சரிந்து கிடக்கு, இதில் பீரங்கி எண் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மதிலைத் தூக்கி நிறுத்தக் கோடி வேண்டும். எண்ணைப் பதிவு செய்ய ஒரு மாலைநேரம் போதும். 2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும். 1677இல் சிவாஜி பிடித்ததாலும், பிறகு இராஜாராம் இங்கிருந்து முகலாயரை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றதாலும் கிடைத்த இடம் அது. இனி வெளியூர்க்காரர்கள் கூடுதலாக வருவார்கள், 'இது மராட்டியர் பீரங்கி' என்று புதிதாக ஒரு கதையும் கிளம்பும். தேசிங்குக்குப் பதில் சிவாஜி. இரும்பில் இருக்கும் எண்ணை அப்போதும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் அந்த எண் சொல்கிறது. 7560 எடைதான் என்றால், மூன்றரை டன் இரும்பு சுமார் 800 அடி உயரப் பாறைக்கு, குறுகிய படிகளிலும் பிளவின் மேல் போட்ட பாலத்திலும் ஏறியிருக்கிறது. கயிறு இழுத்த தோள்கள் இந்தச் சுற்றுவட்டார ஊர்க்காரர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்த கெசட்டியரிலும் இல்லை.

கோட்டையைப் பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறை செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, அல்லது பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஒவ்வொரு பீரங்கியின் எண்ணையும் எழுத்தையும் படம் எடுக்கலாம். நீளம், வாய் விட்டம், உருளை முகம் எல்லாம் அளந்து தமிழிலும் ஒரு பலகை வைக்கலாம். அதுவரை பெயிண்ட் டப்பாவை மலை ஏற்ற வேண்டாம். செஞ்சிப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் 112ஆல் பெருக்கும் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டிவிடுவார்கள்.