தோட்டமும் கடை வாடகையும்

யட்டியாந்தோட்டை பஸாரில் இரண்டு பேர் கூடினால் பேச்சு ஒரு பேர்ச் காணி எவ்வளவு என்பதில்தான் போய் முடிகிறது. வாப்பா வைத்த தோட்டத்தை வெட்டி நான்கு கடை கட்டுவோம் என்று என் மகனும் சென்ற மாதம் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒன்றரை ஏக்கர். சாதிக்காய், கராம்பு, மிளகுக் கொடி, இரண்டு மங்குஸ்தான். அவன் கணக்கில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு.

முகலாயத் தோட்டங்கள் என்றதும் நமக்கு நீரூற்றும் ரோஜாவும்தான் நினைவுக்கு வரும். அமைத்தவர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஜலாலாபாத் பக்கம் தாம் அமைத்த பாகே வஃபாவில் வாழையும் கரும்பும் வைத்து, அவை நன்றாக வந்ததை பாபர் தமது நினைவுக் குறிப்பில் மறக்காமல் எழுதினார்.

அவருடைய கொள்ளுப் பேரன் ஜஹாங்கீர் ஒரு கதை சொல்கிறார். வெயிலில் களைத்த சுல்தான் ஒருவர் ஒரு தோட்டத்தில் மாதுளைச் சாறு கேட்டார். தோட்டக்காரரின் மகள் உடனே கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். இவ்வளவு வருமானமா, வரி போட்டால் என்ன என்று சுல்தான் மனதில் நினைத்தார். அடுத்த கிண்ணம் தாமதமாக, குறைவாக வந்தது. ஆட்சியாளரின் எண்ணம் மாறிவிட்டது போலும் என்றார் தோட்டக்காரர். கதை எப்படியோ, தமது ஆட்சியில் பழமரங்களுக்கு வரி இல்லை என்றும், விளைநிலத்தில் தோட்டம் வைப்பவருக்கு அந்நிலத்தின் வரியும் இல்லை என்றும் ஜஹாங்கீர் அதனுடன் சேர்த்து எழுதுகிறார். மரம் காய்க்கும் வரை காத்திருப்பவனின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது தாஜ்மஹால். அதன் கட்டடத்தையும் தோட்டத்தையும் பராமரிக்க ஷாஜஹான் முப்பது கிராமங்களின் வருமானத்தை வக்ஃபு செய்தார். தெற்கே இருந்த கடைத்தெரு, சத்திரங்களின் வாடகையும் அதற்கே சேர்ந்தது. அங்கே கடை வாடகை தோட்டத்தைக் காத்தது, விழுங்கவில்லை.

மைசூரில் ஹைதர் அலி 1760இல் தொடங்கிய பெங்களூர் லால்பாக்குக்கு, மகன் திப்பு பல நாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் தருவித்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பையும் அவரே ஊக்குவித்தார். மைசூர்ப் பட்டு இன்றும் சந்தையில் இருக்கிறது. வெள்ளைக்காரனும் இதே வழியில்தான் போனான். நமது மலைகளை மூடியிருக்கும் றப்பர் 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதலில் வேர் பிடித்தது.

நம்மில் பலர் மிளகும் கராம்பும் வாங்கி புறக்கோட்டைக்கு அனுப்பிப் பிழைக்கிறோம். பிறர் தோட்டம்தான் நமது முதல். எல்லோரும் வெட்டிக் கடை கட்டினால் தராசில் எதை வைப்பது? கடையை ஆறு மாதத்தில் எழுப்பலாம், சாதிக்காய்க்கு ஏழெட்டு வருடம் வேண்டும். விதையில் வந்த கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரங்கள், அவை காய்க்காது. பெண் மரத்துக் கிளையை ஒட்டிய கன்று வைத்தால் இந்த நட்டம் இல்லை. 2014இல் திறந்த சீதாவாக்கைத் தாவரவியல் பூங்கா அவிசாவளை இலுக்கோவிட்டையில், நமக்கு அருகில்தான் இருக்கிறது. குடும்பத்துடன் படம் பிடிக்கப் போகிறவர்கள் கன்றுகளைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டு வரலாமே.

பாதையோரம் இரண்டு கடை மட்டும், அதில் ஒன்றின் வாடகை பசளைக்கும் ஒட்டுக் கன்றுக்கும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மூன்றுக்கு இறங்கி வந்திருக்கிறான். மழை விட்டதும் நில அளவையாளர் வருகிறார்.